கடிவாளம் இளகும் இடம்

கடோபநிடதத்தில் எமன் நசிகேதனுக்கு ஒரு தேரைக் காட்டுகிறான். உடம்புதான் தேர். அதில் ஏறிப் போகிறவன் ஆன்மா. ஓட்டுகிறவன் புத்தி. மனம் கடிவாளம். புலன்கள் குதிரைகள். அவை ஓடுகிற தடங்கள் உலகத்துப் பொருள்கள். உபன்னியாசத்தில் இதைக் கேட்டுவிட்டு எழுந்து போகிற பெரும்பாலோர் மனத்தில் தங்குவது ஒன்றுதான்: குதிரை முரடு, அதனால் கடிவாளத்தை இறுக்கிப் பிடி. 'புலன்களை அடக்கு' என்று சொல்லும்போது சொல்கிறவரின் வலது கை தானாகவே மூடிக்கொள்ளும். எதையோ தன் நெஞ்சுப் பக்கம் இழுக்கும்.

அந்தக் கையை விரிய வைப்பதுதான் என் தொழில். ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோயிலுக்குப் போகிற ரோட்டோரம், ஒரு மாந்தோப்பை ஒட்டிய காலி இடத்தில் மணல் கொட்டி வட்டம் போட்டு, பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லித் தருகிறேன். ராணுவத்தில் ரிமவுண்ட் வெட்னரி கோரில் இருந்தவன். மீரட்டில் உள்ள அதன் பயிற்சி மையத்தில்தான் குதிரை என்றால் என்னவென்று தெரிந்துகொண்டேன். ஊர் திரும்பியதும் எல்லாரும் ஏதாவது மில்லில் செக்யூரிட்டி வேலைக்குச் சேரச் சொன்னார்கள். நான் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் போய் ஒரு பெட்டைக் குதிரையை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தேன். மல்லி என்று பெயர் வைத்தோம். இந்தத் தொழிலில் எனக்கு என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டால், நசிகேதன் கதையை வேறு விதமாகப் புரிந்துகொள்ளக் கிடைத்தது என்பேன்.

குதிரையின் வாயைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் பல்லே முளைக்காத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் உட்கார்கிறது, நாக்கின் மேலும் வெறும் ஈறின் மேலும். முதுகில் ஓர் ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டத் தெரிந்த பிராணி அது. அதன் உடம்பிலேயே மிக மெல்லிய இடத்தில் இரும்பை வைத்து, வாரின் இரண்டு முனையையும் நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். இழுத்தால் என்ன ஆகும்? 350 கிலோ குதிரை 50 கிலோ ஆளின் இழுப்புக்கு நின்றுவிடுவதில்லை. வலிக்கு எதிராகக் கழுத்தை நீட்டி அழுத்தும், தலையைத் தூக்கும், இன்னும் வேகமெடுக்கும். வருஷக்கணக்கில் இழுபட்ட குதிரையின் வாய் மரத்துப்போய்விடும். அதற்குப் பிறகு எவ்வளவு இழுத்தாலும் அதற்கு ஒன்றும் இல்லை.

குதிரை கற்றுக்கொள்வது நாம் இழுக்கும்போது கிடையாது, விடும்போது. வாரில் கொஞ்சம் அழுத்தம் கொடுக்கிறோம். குதிரை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுச் சரியான பக்கம் ஓரடி எடுத்து வைக்கிறது. அந்த நொடியிலேயே கை இளக வேண்டும். 'இதைத்தான் கேட்டார்களா' என்று அது புரிந்துகொள்வது அந்த இளக்கத்தில்தான். ஒரு மூச்சு தாமதித்து இளக்கினால் வேறு எதையோ கற்றுக்கொண்டுவிடும். இளக்கவே இல்லையென்றால் எதையும் கற்காது, தாங்கிக்கொள்ளப் பழகிவிடும். பார்க்கிறவர்கள் அதைப் பணிவு என்று நினைத்துக்கொள்வார்கள். அசையாமல் நிற்கிற குதிரைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றின் காது நம் பக்கம் திரும்பியிருக்கும், தாடை மெல்ல அசைந்துகொண்டிருக்கும், கண்ணில் உயிர் இருக்கும். மற்றதின் கண் எங்கேயும் பார்க்காது. விரதம் இருக்கிற மனிதர்களிலும் இந்த இரண்டு வகையையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகை ஆளைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டப்படும்.

புதிதாக வருகிற பிள்ளையை உடனே குதிரை மேல் ஏற்றுவதில்லை. எதிரெதிரே திண்டில் உட்கார்ந்துகொள்வோம். ஒரு பழைய வாரின் இரண்டு முனையையும் பிள்ளையின் கையில் கொடுத்து, நடுப்பகுதியை நான் பிடித்துக்கொள்வேன். "நீதான் குதிரை. கண்ணை மூடு. நான் பேசினா சொல்லு." சுண்டுவிரலை மட்டும் மெதுவாக மடக்குவேன். பிள்ளை "இப்ப" என்பான். இன்னும் மெதுவாக மடக்குவேன். "இப்ப". தோல் வாரில் ஒரு நூல் அளவு அசைவு போதும், மூடிய கண்ணுக்குப் பின்னால் அது தெரிந்துவிடுகிறது. பிறகு நான் குதிரை ஆவேன், அவன் சவாரிக்காரன் ஆவான். கபடி ஆடிக் காய்த்துப்போன கையோடு வந்த ஒரு பையன், தன் முறை வந்ததும் என்னைத் திண்டிலிருந்து எழுப்புகிற மாதிரி இழுத்தான். "எனக்குக் காது கேக்குதுப்பா, ஏன் கத்துற?" என்றேன். சட்டென்று கையைப் பார்த்துக்கொண்டான். அதன் பிறகு அவனுக்குக் கையைப் பற்றி நான் பெரிதாக ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கையை விடப் பெரிய பாடு பயம். பயந்தவன் உடம்பு மூன்று காரியம் செய்கிறது. மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. முழங்காலால் குதிரையை இறுக்குகிறது. கையை மேலே இழுக்கிறது. குதிரையின் பாஷையில் கால் இறுகினால் 'போ' என்று அர்த்தம், கை இழுத்தால் 'நில்' என்று அர்த்தம். இரண்டையும் ஒரே நேரத்தில் சொன்னால் பாவம் அது என்ன செய்யும்? காலின் பேச்சைத்தான் கேட்கும். விழுந்துவிடக் கூடாதே என்று ஒருவன் எவ்வளவு இறுக்குகிறானோ அவ்வளவு வேகமாக ஓடும். எதைக் கண்டு பயந்தானோ அதை அவனே கேட்டு வாங்கிக்கொள்கிறான்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தன் பேத்தியை பஸ்ஸில் அழைத்து வருவார். மல்லியை நீளக் கயிற்றில் விட்டு வட்டமாக ஓட்டுவேன், பிள்ளை கடிவாளம் இல்லாமல் மேலே உட்கார்ந்திருக்கும். நடையிலிருந்து டிராட்டுக்கு மாறியதும் அந்தப் பெண்ணுக்கு உதறல் எடுத்துவிட்டது. சேணத்தைப் பிடித்துக்கொண்டு குறுகிப்போய் இறுக்க, மல்லி வேகம் கூட்டியது.

"பாடு தாயி" என்றேன்.

"என்ன பாட்டு மாஸ்டர்?"

"தெரிஞ்சது எதுனாலும்."

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைக்கு முந்திக்கொண்டு வருவது எது? திருப்பாவையை ஆரம்பித்தாள். டிராட்டின் குலுக்கலில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெறித்தது. ஆனால் பாட வேண்டுமென்றால் மூச்சை வெளியே விட்டாக வேண்டும். மூச்சு போனால் தோள் இறங்கும், தோள் இறங்கினால் முழங்கால் தளரும். மூன்றாவது பாசுரத்தில் குரல் நீண்டது. மல்லியின் ஒரு காது பின்பக்கம் திரும்பி அவள் குரலைப் பிடித்தது. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மல்லி தானாகவே நடைக்கு வந்தது. நான் கயிற்றைத் தொடவில்லை.

தாத்தா எழுந்து வந்தார். "பயத்தை அடக்கிட்டா பாத்தீங்களா தம்பி."

"அடக்கலைய்யா, விட்டுட்டா" என்றேன். அன்று தொடங்கிய வாதம் எங்களுக்குள் இன்னும் ஓயவில்லை. அவர்தான் கடோபநிடதத்தைக் கொண்டுவந்து அந்தத் தேர்ப் பகுதியை எனக்கு வாசித்துக் காட்டினார். கேட்டபோது எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. குதிரைகள் கெட்டவை என்று எமன் எங்குமே சொல்லவில்லை. விவேகம் இல்லாதவனுக்குப் புலன்கள் முரட்டுக் குதிரைகள்போல் ஆகின்றன, விவேகம் உள்ளவனுக்கு நல்ல குதிரைகள்போல் ஆகின்றன என்கிறான். குதிரை அதேதான், மாறியது ஓட்டுகிறவன். அந்தியூர்ச் சந்தையில் சுழி பார்த்து விலை பேசுவார்கள். உடம்பில் ஆகாத சுழி இருக்கிறது என்று ஒதுக்கப்பட்டதால்தான் மல்லி என் விலைக்கு வந்தது. இன்று சின்னப் பிள்ளைகளை நம்பி ஏற்றிவிட அதைவிட நல்ல குதிரை என்னிடம் இல்லை.

ஆசிரியர் சும்மா விடுவாரா? வள்ளுவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஐம்புலனை யானையாக்கி அதற்கு உறுதி என்னும் தோட்டியைக் கொடுத்தவர் அவர். இன்னோர் இடத்தில் ஐந்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆமையைக் காட்டுகிறார். யானையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆமையை வைகைக் கரையிலும் கண்மாய்க் கரையிலும் பார்த்திருக்கிறேன். அதன் காலை யாரும் உள்ளே தள்ளுவதில்லை, அதுவே இழுத்துக்கொள்கிறது. ஆபத்து போனதும் அதுவே நீட்டுகிறது. நீட்டாத ஆமை நடப்பது எப்படி? அவரிடம் இதைச் சொன்னபோது, 'நீட்டுவதைப் பற்றிக் குறள் பேசவில்லையே' என்றார். வாஸ்தவம்தான்.

நீட்டுவதைப் பற்றிப் பேசியவள் அவர் ஊர்க்காரி ஆண்டாள்தான். வாரம் தவறாமல் அவர் பேத்தி வாயால் திருப்பாவையைக் கேட்டுக் கேட்டு எனக்கு இது புரிந்தது. இரண்டாம் பாசுரத்தில் நோன்பு தொடங்குகிறது. நெய் கிடையாது, பால் கிடையாது, கண்ணுக்கு மை இல்லை, தலைக்குப் பூ இல்லை. இருபத்தேழாம் பாசுரத்தில் அத்தனையும் திரும்பி வருகின்றன. நகை, புதுத்துணி, முழங்கை வழியாக நெய் வழிகிற பால்சோறு. தனியாக இல்லை, எல்லாரும் கூடி உட்கார்ந்து. மார்கழி 27 அன்று கூடாரவல்லிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்காரவடிசல் வாயில் கரையும்போது, நெய்யை விட்டது நெய் கெட்டது என்பதற்காக இல்லை என்று நாக்குக்கே தெரிந்துவிடுகிறது. பிடித்த கை, சரியான நேரம் பார்த்து இளகியிருக்கிறது. முப்பது பாசுரமும் 'வேண்டாம், வேண்டாம்' என்றே போயிருந்தால் அந்தப் பிள்ளைகள் கற்றது தாங்கிக்கொள்ளுதல் மட்டும்தான்.

அவள் வாழ்க்கையிலேயே இது இருக்கிறது. பெரியாழ்வார் பெருமாளுக்குக் கட்டிய மாலையை முதலில் தன் தலையில் சூடி அழகு பார்த்தாள். தகப்பனார் பதறிப்போய் அதை ஒதுக்கி வைத்தார். பெருமாளோ அவள் சூடிய மாலையைத்தான் கேட்டார் என்பது நம் ஊர் நம்பிக்கை. ஒரு பெண்ணின் கூந்தல் வாசம் ஏறியதால் பூவின் தூய்மை கெடவில்லை, கூடிவிட்டது. இன்றும் சித்திரைத் திருவிழாவுக்கு ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குப் போகிறது. அதை அணிந்துகொண்டுதான் கள்ளழகர் வைகையில் இறங்குகிறார், தங்கக் குதிரை மேல். புலன்களைக் குதிரை என்று சொன்ன தர்மத்தில், கோடையின் உச்சத்தில் லட்சக்கணக்கான பேர் நடுவே சாமி குதிரையில் ஏறி வருகிறார் என்பது எனக்குப் பெரிய விஷயம். குதிரைக்காரன் என்பதால் நான் அதை அதிகமாகப் பார்க்கிறேன் என்று ஆசிரியர் சொல்கிறார். இருக்கட்டும்.

புத்தரிடம் கேசி என்ற குதிரைப் பயிற்சியாளர் வந்த கதையையும் அவரேதான் சொன்னார். அங்குத்தர நிகாயத்தில் இருக்கிறதாம். குதிரையை எப்படிப் பழக்குகிறாய் என்று புத்தர் கேட்கிறார். சிலதை மென்மையாக, சிலதைக் கடுமையாக, சிலதை இரண்டும் கலந்து என்கிறார் கேசி. எதற்கும் படியாவிட்டால்? கொன்றுவிடுவேன், என் குருகுலத்துக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது. பிறகு கேசி திருப்பிக் கேட்கிறார்: நீங்கள் மனிதர்களை எப்படிப் பழக்குகிறீர்கள்? அதேபோலத்தான் என்கிறார் புத்தர். படியாதவனை நானும் கொன்றுவிடுகிறேன். கேசி அதிர்ந்துபோகிறார். அதற்குப் புத்தர் தரும் விளக்கம் எனக்கு இரவு தூக்கத்தைக் கெடுத்தது. ஒருவனிடம் இனிப் பேசிப் பயனில்லை, இவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று ஆசானும் கூடப் படிப்பவர்களும் விட்டுவிடுவதே அந்தக் கொலை என்கிறார்.

கை இளகுவது வேறு, கைவிடுவது வேறு. வார் தொங்கிப்போனால் குதிரைக்கு நாம் இருக்கிறோமா என்றே தெரியாது. இளகிய கையில் குதிரையின் வாய் இன்னும் இருக்கிறது, எடை மட்டும் இல்லை. சொல்லிக்கொடுக்கிறவனுக்கு இதுதான் முழுக்கவும் வேலை. பேத்தியை மல்லி மேல் பாடவிட்டு நான் கயிற்றைத் தொடாமல் நின்றேனே, கயிறு என் கையில்தான் இருந்தது. வருகிற பிள்ளைகளில் சிலர் மாதக்கணக்கில் நடையைத் தாண்ட மாட்டார்கள். 'இவனுக்கு வராது மாஸ்டர், விட்டுருங்க' என்று கூட வருகிறவர்களே சொல்வார்கள். கேசியின் கதையைக் கேட்ட பிறகு அந்த வார்த்தையை என் வட்டத்துக்குள் யாரும் சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

பெற்றோர் கேட்பது வேறு கேள்வி. "இதுல என்ன முன்னுக்கு வர முடியும் மாஸ்டர்?" பிள்ளையைச் சேர்க்கும் தகப்பனுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரெஸாஜ் குழுப் போட்டியில் நம் நாடு தங்கம் வாங்கியதைச் சொல்வேன். அனுஷ் அகர்வாலா, சுதிப்தி ஹஜேலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங் என்று நாலு பேர். 1982 டெல்லி ஆசியப் போட்டிக்கு அப்புறம் குதிரையேற்றத்தில் 41 ஆண்டு கழித்து வந்த தங்கம் அது. அந்தப் போட்டியின் வீடியோவைப் போனில் போட்டுக் காட்டுவேன். பார்த்துவிட்டு அநேகம் பேர் சொல்வது: "ஆளு சும்மா உக்காந்துருக்காரே?" அப்படித் தெரிவதுதான் அந்தக் கலையின் உச்சம். நடுவர்கள் மதிப்பெண் போடும்போது பார்ப்பவற்றில் கைக்கும் வாய்க்கும் நடுவில் இருக்கிற அந்த மென்மையும் உண்டு.

ராஜபாளையத்து மணல் வட்டத்திலிருந்து அந்த இடத்துக்கு ஒரு பிள்ளை போகுமா? போனால் சந்தோஷம். அதற்குக் குதிரை, பணம், பயிற்சி எல்லாம் வேறு அளவில் வேண்டும், அதைப் பெற்றோரிடம் மறைப்பதில்லை. நான் வெற்றி என்று கணக்கில் வைப்பது வேறு. கபடிப் பையனின் அம்மா ஒருநாள் வந்தார். தம்பியை அடிப்பதை விட்டுவிட்டான், கோபம் வந்தால் கையைப் பார்த்துக்கொள்கிறான் என்றார். நான் அவனிடம் கோபத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மல்லியின் வாய்தான் பேசியிருக்கிறது. இதில் என் பங்கு எவ்வளவு, குதிரையின் பங்கு எவ்வளவு, அவன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. தேரில் ஆன்மா, புத்தி, மனம், குதிரை என்று இத்தனை பேரைச் சேர்த்து வைத்த எமனும், போய்ச் சேர்ந்த பெருமை யாருக்கு என்று பிரித்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

தேரோட்டி என்றால் நம் எல்லோருக்கும் நினைவு வருவது பார்த்தசாரதி. கீதை சொன்ன இடத்தை எல்லோரும் படம் போட்டு மாட்டியிருக்கிறோம். எனக்கு அதைவிட நெருக்கமான இடம் துரோண பர்வத்தில் இருக்கிறது. பதினான்காம் நாள் யுத்தம். சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனைக் கொல்வேன், இல்லாவிட்டால் தீயில் இறங்குவேன் என்று அர்ஜுனன் சபதம் போட்டிருக்கிறான். பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது, ஜயத்ரதன் இன்னும் தூரத்தில் இருக்கிறான். குதிரைகள் அம்பு தைத்துக் களைத்துப் போயின. கண்ணன் என்ன செய்கிறான்? சுற்றிலும் எதிரிப் படை நிற்க, குதிரைகளைத் தேரிலிருந்து அவிழ்க்கிறான். அர்ஜுனன் கீழே இறங்கித் தரையில் நின்று படையைத் தடுக்கிறான், அம்பால் பூமியைப் பிளந்து நீர்நிலை உண்டாக்குகிறான். கண்ணன் தன் கையால் அம்புகளைப் பிடுங்கி, குதிரைகளைத் தேய்த்துவிட்டு, தண்ணீர் காட்டி, இளைப்பாறவிட்டுப் பிறகுதான் மறுபடி பூட்டுகிறான். ராணுவத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்த வரிசை ஒன்று உண்டு: முதலில் குதிரை, அப்புறம் சேணம், கடைசியில் ஆள். களைத்து வந்தாலும் குதிரைக்குத் தண்ணீர் காட்டி, குளம்பைச் சுத்தம் செய்து, சத்திரப்பட்டித் துணியில் கால் கட்டுப் போட்ட பிறகுதான் என் பிள்ளைகள் தங்கள் வாட்டர் பாட்டிலைத் திறப்பார்கள். கண்ணனும் இந்த வரிசையைத்தான் வைத்திருக்கிறான், ஒரு சபதமும் ஓர் உயிரும் பொழுதின் கையில் தொங்கிக்கொண்டிருக்கும்போது.

இந்தக் கதையைச் சொன்னபோது ஆசிரியர் கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி தம்பி, வழியில அவுத்து விடலாம். உபநிடதம் வழிக்கு ஒரு முடிவு சொல்லுதே. விஷ்ணுவோட பரமபதம். அங்க போய்ச் சேந்தவனுக்குக் குதிரை எதுக்கு? கண்ணு, காது, நாக்கு எதுக்கு?"

"உங்க ஊர் நாச்சியார் அதைக் கேக்கலையேய்யா" என்றேன். இருபத்தொன்பதாம் பாசுரத்தில் அவள் பிறவியே வேண்டாம் என்று வரம் கேட்கவில்லை. எத்தனை பிறவி வந்தாலும் உனக்கு உறவாக இருந்து உனக்கே தொண்டு செய்ய வேண்டும் என்கிறாள். தொண்டு செய்யக் கை வேண்டும். மாலை கட்டப் பூவின் வாசம் தெரிய வேண்டும். பாட நாக்கு வேண்டும்.

அவர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. பரமபதத்தில் இருக்கும் உடம்பும் இந்திரியங்களும் இங்கே இருப்பவை போன்றவை இல்லை, அதைப் பூர்வாசாரியர்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். பெரியவாச்சான் பிள்ளையின் மூவாயிரப்படியை எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பாசுரத்துக்கு அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேத்தியின் வகுப்பு முடிந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்பதாக இருக்கிறோம்.